நான்காம் நாள் நிறுத்திய மருந்து

என் மகளுக்கு அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். நாங்கள் இருப்பது அனலைதீவில். ஊரின் குடிநீர் நிலையத்தில் எனக்கு வேலை. உவர்நீரை இயந்திரத்தில் விட்டு வடித்து, நல்ல தண்ணீராக்கிச் சனத்துக்குக் கொடுக்கும் இடம் அது. மனைவி ஆசிரியை. அந்த வருடம் பயிற்சிக்காக யாழ்ப்பாணம் போய் விடுதியில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வள்ளத்தில் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். நான் வேலைக்குப் போகும் நேரங்களில் மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

அக்கா ஊர்காவற்றுறையில் பிறந்தவர். கணவர் மீன்பிடித் தொழில். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். தெருவில் யாராவது கூப்பிட்டால் சில நேரம் திரும்பியும் பார்க்காமல் போய்விடுவார். அதனால் அவருக்குப் பெருமை என்று ஊரில் ஒரு கதை இருந்தது. நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் மகளிடம் அவருக்கு உயிர்.

முதலில் வந்தது சாதாரணத் தடிமன். மூக்கால் ஓடியது, கொஞ்சம் இருமினாள். சின்னப் பிள்ளைக்குத் தடிமன் வருவது புதினமா என்று நானும் பெரிதாக எடுக்கவில்லை. நாலைந்து நாளில் மூக்கு வற்றத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் அழுகை ஆரம்பித்தது.

பால் போத்தலை ஆசையோடு வாங்குவாள். இரண்டு தரம் உறிஞ்சுவாள். பிறகு போத்தலை எறிந்துவிட்டுக் கத்துவாள். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தால் அடங்குவாள். பாயில் கிடத்தினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். தலையின் வலது பக்கத்தைத் தன் கையாலேயே அடிப்பாள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. பல் முளைக்கிறதாக்கும் என்று நினைத்து, விரலை விட்டு முரசைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். தண்ணீர் எடுக்க வந்து கான்களோடு வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பல்லு என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். வயதான ஒருவர் அவள் காதைப் பிடித்து இழுப்பதைக் கவனித்துவிட்டு, "இது காதுக்குத்து. உள்ளியைச் சுட்டு எண்ணெயில போட்டு இளஞ்சூட்டில ரெண்டு துளி விடும். பின்னேரம் விளையாடும்" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து குசினியில் பூண்டைச் சுட்டுப் போட்டு எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். சட்டியையும் என்னையும் பார்த்தார்.

"உதென்ன தம்பி?"

"காதுக்கு விட, அக்கா."

அவர் அடுப்பை நூர்த்தார். "காதுக்குள்ள ஒண்டும் விடாதையும். இப்பவே டொக்டரிட்டைக் கொண்டு போம்." அவர் குரலில் கோபம் இருந்தது. ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் பெண். நான் பிள்ளையை மடியில் இருத்தி, கைகளையும் தலையையும் இறுக்கிப் பிடித்தேன். அவர் வெளிச்சம் உள்ள சின்னக் கருவியைக் காதுக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு காது பார்த்து, மற்றக் காது பார்த்து, திரும்பவும் முதல் காதைப் பார்த்தார்.

"வலது காதுச் சவ்வு நல்லாச் சிவந்து வெளியால பிதுங்கிக் கிடக்கு. உள்ளுக்குச் சீழ். மூக்கில இருந்து காதுக்குப் போற குழாய் சின்னப் பிள்ளையளுக்குக் கட்டை. தடிமன் பிடிச்சா லேசா அங்க போயிடும். படுக்க விட்டால் அழுறது அதாலதான். படுத்தால் உள்ளுக்கு அமத்தம் கூடும்."

பாணி மருந்து எழுதித் தந்தார். நாளுக்கு மூன்று நேரம், ஏழு நாள். காய்ச்சலுக்கும் நோவுக்கும் வேறொன்று. பிறகு விரல் மடித்துச் சில காரியங்கள் சொன்னார். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் வர வேண்டும். காதால் சீழ் வடிந்தாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும். காதுக்குப் பின்னால் வீங்கினால், காது முன்னுக்குத் தள்ளினாற்போல் நின்றால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்ப எழுப்ப நித்திரை கொண்டால், ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது ஏழு நாள், மூன்று நேரம் என்பது மட்டும்தான்.

அந்த மருந்தைக் கொடுப்பது ஒரு யுத்தம். கரண்டியைக் கண்டதுமே வாயை இறுக்கிக்கொள்வாள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் பாதி கழுத்தால் வழியும். மிச்சப் பாதியைச் சில நேரம் பாலோடு சேர்த்துச் சத்தி எடுப்பாள். தனி ஆளாக ஒரு கையால் பிடித்து மறு கையால் ஊற்றி முடிக்கும்போது எனக்கும் கண்ணீர் வரும். அவளுக்கு என்னிடம் இருந்த நம்பிக்கை ஒவ்வொரு கரண்டியோடும் குறைவதாகத் தோன்றும்.

மூன்றாம் நாள் காலை அவள் தலை வைத்திருந்த துணி நனைந்திருந்தது. மஞ்சளாக, நடுவில் இரத்தச் சாயலோடு, கெட்ட மணம் வீசியது. வலது காதின் வாசலிலும் அதே ஈரம். ஆனால் அவளைப் பார்த்தால் அமைதியாக நித்திரை கொண்டிருந்தாள். நெற்றியில் சூடு இல்லை. எழும்பியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முழுப் போத்தல் பாலையும் ஒரே மூச்சில் குடித்தாள். நாட்கணக்காகக் கத்திய பிள்ளை, கதிரைக் காலைப் பிடித்து எழும்பி நின்று, கையை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

வருத்தம் மாறிவிட்டது, நோய் சீழோடு வெளியே போய்விட்டது என்று நானாகவே தீர்மானித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. காதைப் பஞ்சால் துடைத்துவிட்டேன். பிற்காலத்தில்தான் தெரிந்தது, உள்ளே முட்டிக்கொண்டிருந்த சீழ் சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்ததால் நோவு நின்றிருக்கிறது என்று. நோவு நின்றதே தவிர வருத்தம் நிற்கவில்லை.

நான்காம் நாள் காலை மருந்துக் கரண்டியோடு கிட்டப் போனேன். அவள் அழவில்லை. பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் பிள்ளை எனக்குப் பயந்து நிற்பதை முதன்முதலாகக் கண்டேன். கரண்டியில் இருந்ததை வெளியே ஊற்றிவிட்டு அவளைத் தூக்கினேன். அன்று பின்னேரமும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் மருந்துப் போத்தலைத் தொடவேயில்லை.

மனைவி போனில் கேட்டார்: "மருந்து ஒழுங்காக் குடுக்கிறீங்களோ?"

"ஓம், ஓம்."

அந்தக் கிழமை சோளகக் காற்று அடித்தது. வள்ளங்கள் ஓடவில்லை, மனைவி வரவில்லை. அடுத்து வந்த நாட்களில் பிள்ளை பெரிதாக அழவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு குறை இருந்தது. சோற்றைக் கையால் பிசைந்துவிட்டுத் தள்ளிவிடுவாள். பின்னேரங்களில் உடம்பு லேசாகச் சுடும், பிறகு ஆறும். தடக்கத் தேவையில்லாத இடத்தில் தடக்கி விழுவாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விளையாட்டில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மட்டும் இரண்டு தரம், "பிள்ளை தெளிவில்லாமல் கிடக்கு, திருப்பிக் காட்டும்" என்றார். இயந்திரத்தில் ஒரு பழுது இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

ஒரு காலையில் அவளுக்கு முழுகவார்த்து, தலை இழுத்து, இரண்டு பக்கமும் சின்னக் குடும்பி கட்டி, மஞ்சள் சட்டை போட்டுப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று காட்டத்தான். தலை இழுக்கும்போது அவள் சிணுங்கியது வழக்கமான அடம் என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

"அவளின்ரை வலது காதென்ன அப்பிடி நிக்குது?"

"எப்பிடி?"

"முன்னுக்குத் தள்ளினமாதிரி. மற்றக் காதைப் பாருங்கோ, தலையோட ஒட்டிக் கிடக்கு. இது வெளியால நிக்குது. நேரை இருத்திப் பாருங்கோ அப்பா."

இருத்தினேன். முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். தினமும் நூறு தரம் பார்க்கிற முகம். எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. வலது காது கீழ் இறங்கி, முன்னுக்குச் சரிந்து நின்றது. குடும்பியை விலக்கிப் பின்னால் பார்த்தேன். காதுக்கும் தலைக்கும் இடையில் இருக்க வேண்டிய மடிப்பு இல்லை. அந்த இடம் சிவந்து, பளபளத்து, ஒரு எலுமிச்சங்காயின் பாதியைத் தோலுக்குள் வைத்ததுபோல வீங்கிக் கிடந்தது. தொட்டேன். சுட்டது. அவள் போட்ட சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க ஏலவில்லை. டொக்டர் மடித்த விரல்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன.

ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. டொக்டர் காதுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார், பிள்ளையின் கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தார், அவள் அழும்போது முகத்தைக் கவனமாகப் பார்த்தார். "ஏன் முகத்தைப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி அசையுதோ எண்டு" என்றார். "முகத்துக்குப் போற நரம்பு இந்தக் காதுக்கு உள்ளாலதான் போகுது." ஊசி மருந்து போட்டார். யாழ்ப்பாணத்துக்குப் போன் பண்ணினார். அவசர வள்ளம் ஒன்று ஒழுங்காகியது. இறங்குதுறைக்குப் போனால், செய்தி கேட்ட அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றார், கையில் பிள்ளையின் உடுப்புப் பையோடு.

காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. வள்ளம் ஏறி இறங்கியது. தண்ணீர் முகத்தில் அடித்தது. பிள்ளை அக்காவின் மடியில் துவாயால் சுற்றிக் கிடந்தாள். சில நிமிடங்களில் அழுகையை நிறுத்திக் கண்ணை மூடினாள். அழும்போது அழுகை நிற்க வேண்டும் என்று வேண்டியவன், நின்றதும் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் தட்டினேன். கண் திறந்து பார்த்து முனகினாள். மறுபடியும் மூடினாள். மறுபடியும் தட்டினேன். அழும்போதெல்லாம் அவள் வாயின் இரண்டு ஓரங்களும் ஒரேமாதிரி இழுபடுகின்றனவா என்று பார்த்தேன். ஒருதரம் ஒரு பக்கம் குறைவாக அசைந்ததுபோல் இருந்தது. துவாயைக் கொஞ்சம் இறக்கினேன். துவாயின் விளிம்புதான் அந்தப் பக்கக் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நித்திரை கொள்ளுறாளோ, மயங்கிறாளோ?"

அவர் பதில் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலாக இன்னும் பலமாகக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பி மற்றப் பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"இந்தப் பக்கம் வந்து கதையும் தம்பி. அந்தக் காது எனக்குக் கேக்காது. ஆறு வயசில எனக்கும் இப்பிடித்தான் சீழ் வந்தது. எண்ணெய் விட்டவை, புகை பிடிச்சவை. சண்டை நேரம், பாதை பூட்டிக் கிடந்தது, யாழ்ப்பாணம் கொண்டுபோக வழியில்லை. பிறகு தானா மாறிச்சுது. ஆனா காது போச்சு."

பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சொன்னார்: "நித்திரைதான். விரலைப் பிடிச்சிருக்கிறாள், பாரும்."

ஊர்காவற்றுறையில் அம்புலன்ஸ் நின்றது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் வீதியின் இரண்டு பக்கத்திலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் மனைவி பயிற்சிக்கு உடுத்த சேலையோடேயே நின்றார். பிள்ளையை வாங்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே காது டொக்டர், நரைத்த தலை, அவசரப்படாத மனிதர். நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"தந்த மருந்து ஏழு நாளும் முழுசாக் குடுத்தனீங்களோ?"

மனைவி என் பக்கத்தில் நின்றார். அக்கா பின்னால் நின்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினார். "அப்ப முழுசாக் குடுத்தும் இப்பிடி வந்திருக்கு. அந்த மருந்துக்குக் கிருமி மடங்கேல்லை. வேற மருந்து யோசிக்கவேணும்" என்று பக்கத்தில் நின்ற இளம் டொக்டரிடம் சொன்னார்.

பிள்ளைக்குச் சேலைன் ஏற்றுவதற்குக் கொண்டுபோனார்கள். நான் விறாந்தையில் நின்றேன். அவள் கத்துவது கேட்டது. என்னுடைய ஒரு சொல்லை வைத்து அவளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மனைவி என்ன நினைப்பார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் மற்றப் பக்கம். திரும்பி அறைக்குள் போனேன். மனைவி இன்னும் அங்கேதான் நின்றார்.

"டொக்டர், நான் பொய் சொல்லிப்போட்டன். மூண்டு நாள்தான் குடுத்தனான். நாலாம் நாள் நிப்பாட்டிப்போட்டன்."

டொக்டர் எழுதியதை வெட்டினார். "சொன்னது நல்லது" என்றார். "இது எனக்குத் தெரியவேணும்." கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு தேன்வதைபோலச் சின்னச் சின்ன அறைகளாக இருக்கும், சீழ் அந்த எலும்புக்குள் இறங்கிவிட்டது, அதற்கு மேலே மூளை, பக்கத்தில் பெரிய இரத்தக் குழாய் என்று ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், ஊசி மருந்தைத் தொடங்குவோம், நாளைக் காலைக்குள் வீக்கம் இறங்காவிட்டால் வெட்டிச் சீழை எடுக்க வேண்டும் என்றார்.

"உயிருக்கு...?" என்று மனைவி தொடங்கினார்.

"மூளைக்குப் போகேல்லை எண்டுதான் நினைக்கிறன். ஸ்கேன் பாத்துப்போட்டுச் சொல்லுறன் அம்மா. இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது."

ஸ்கேன் முடிவு வரும் வரைக்கும் மனைவியும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய அளவு இடம். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். "அவள் எனக்குப் பயப்பிட்டவள்" என்றேன். அக்கா வந்து அந்த இடைவெளியில் இருந்தார்.

மூளைக்குப் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை வீக்கம் அப்படியே இருந்தது. ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் காதைச் சுற்றி முடியை வழித்திருந்தார்கள். ஒரு குடும்பி மட்டும் மிச்சம். சக்கரக் கட்டிலில் அவ்வளவு பெரிய வெள்ளைத் துணிக்குள் அவள் ஒரு மூலையில் கிடந்தாள். என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். இரண்டு மணித்தியாலம் ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பினேன். யாரோ ஒருவரின் செருப்பு, யாரோ ஒருவரின் மருந்துப் பெட்டி. மயக்க மருந்து கூடிவிட்டதோ, எழும்பாமல் போய்விடுவாளோ, எழும்பினாலும் முகம் கோணிப் போயிருக்குமோ என்று மனம் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவியது. அந்தக் கரண்டி மருந்தை நான் ஊற்றிய இடம், குசினிக்குப் பின்னால் உள்ள மண், அடிக்கடி கண்ணுக்கு முன் வந்தது.

டொக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "நிறையச் சீழ் இருந்தது. எடுத்தாச்சு. நரம்புக்கு ஒண்டும் இல்லை." மனைவி அவர் காலில் விழப் போனார். அவர் தடுத்துவிட்டார்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தோம். நேரத்துக்கு நேரம் ஊசி. ஒரு கை வீங்கினால் மற்றக் கைக்குச் சேலைன் ஊசியை மாற்றுவார்கள். பிள்ளையைப் பிடிப்பது என் வேலை. அவள் எனக்குப் பயந்தாள், கத்தினாள், என் மூக்கைப் பிறாண்டினாள். நான் விடவில்லை. ஒரு மருந்தும் ஒரு நேரமும் தவறவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஊசி முடிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். நான் அசையாமல் அப்படியே இருந்தேன்.

பிறகு கேட்கும் திறனைச் சோதித்தார்கள். சத்தம் புகாத சின்ன அறையில் என் மடியில் அவள். பக்கத்தில் இருந்து ஒரு மெல்லிய ஒலி வரும். நான் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வலது பக்கத்தில் இருந்து வந்த ஒலி எனக்குக் கேட்டது. அவள் கையில் இருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூட்டினார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் திரும்பவில்லை. என் உடம்பு முழுவதும் "திரும்பு, திரும்பு" என்று கத்தியது. இன்னும் கூட்டினார்கள். மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தபோது சவ்வில் இருந்த ஓட்டை மூடியிருந்தது. வலது காது இடது காது அளவுக்குக் கேட்கவில்லை. ஆனால் பேச்சுக்கும் படிப்புக்கும் போதும் என்றார்கள். பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வருடா வருடம் காட்ட வேண்டும். இப்போது அவளுக்கு நாலு வயது. வாய் ஓயாமல் கதைக்கிறாள். தழும்பை முடி மறைத்துவிட்டது.

மனைவி பயிற்சி முடித்து வந்துவிட்டார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அந்த நாட்களில் அவர் என் முன்னால் ஒருதரமும் அழுததில்லை. போன கிழமை மகளுக்குத் தடிமன் பிடித்தது. காய்ச்சலும் இல்லை, அழுகையும் இல்லை. இருந்தாலும் காலையில் நான் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டும்போது அவர் ஏற்கெனவே பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது இருக்கும் டொக்டர் வேறொருவர். இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, சவ்வு நல்லாக் கிடக்கு. ஏன் இவ்வளவு பயப்பிடுறீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பக்கத்துக் கதிரையில் மனைவி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.